இன்ஹேலரை நேராக வாயில் வைப்பதா, ஸ்பேசரோடு எடுப்பதா?

ஆஸ்துமா திணறலைத் தணிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை அழுத்தினால் ஒரு பஃபுக்கு (ஒரு அழுத்தலுக்கு) 100 மைக்ரோகிராம் மருந்து வேகமாகச் சீறி வரும். நேராக வாயில் வைத்தால், அழுத்துவதும் மூச்சை மெதுவாக இழுப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். பிசகினால் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலுமே படிந்துவிடும். அப்புறம் 10 விநாடி மூச்சை அடக்க வேண்டும். மூச்சு முட்டும்போது யாரால் முடியும்?

இன்ஹேலரின் வாயில் ஸ்பேசர் குழாயை மாட்டினால் மருந்து அதற்குள் தங்கும். நான்கைந்து முறை இயல்பாக மூச்சு இழுத்து விட்டால் போதும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். சின்னக் குழந்தை என்றால் மாஸ்க்கும் வேண்டும். குழாய்க்குள் ஒரு தடவைக்கு ஒரே பஃப்தான் அழுத்த வேண்டும். ஒவ்வொரு பஃபுக்கும் முன்னால் இன்ஹேலரைக் குலுக்குங்கள்.

சட்டைப்பையில் ஸ்பேசர் அடங்காது, சரி. வீட்டிலும் பள்ளியிலும் ஒன்று வைத்துவிடலாமே. சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

எப்படி எடுத்தாலும் திணறல் குறையவில்லை, பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் சால்பியூட்டமால் தேவைப்பட்டால், மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.