ஹால் கணினிக்கு எந்த ஓஎஸ்? இடி இடித்த மறுநாள் தொடங்கிய கணக்கு

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வானம் கறுத்தால் அம்மா முதலில் பால்கனியில் காயும் துணியை எடுப்பார். அடுத்து டிவி பிளக்கைப் பிடுங்குவார். அன்றைக்குத் துணிக்கு மட்டும்தான் நேரம் இருந்தது. ஒரே இடி. ஃபியூஸ் பெட்டியில் ஈஎல்சிபி (மின்கசிவு என்றால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) டக்கென்று விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவைதான் நின்றது. விளக்கு, விசிறி, ஐஸ்பெட்டி எல்லாம் வந்துவிட்டன. டிவிக்குக் கீழே இருக்கும் சின்னக் கணினி மட்டும் வரவில்லை. ஷா ஆலமில் இரவு ஷிஃப்டில் இருந்த எனக்குப் போன்.

"தம்பி, டிவில நீலமா ஏதோ எழுத்து வந்து நிக்குதுப்பா. நான் ஒண்ணும் தொடல."

அவர் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும். மறுநாள் பார்த்தால் கணினியின் சேமிப்பான எஸ்எஸ்டி உயிரோடுதான் இருந்தது. அதிலிருந்த விண்டோஸ் 10தான் பாதி எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. ரிப்பேர் செய்து பார்த்தேன், மசியவில்லை. எப்படியும் மறுபடி போட்டாக வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்த நிலையில், பழையதையே திரும்பப் போடவும் மனம் வரவில்லை.

கணினி இதுதான்: இன்டெல் நக் என்ற மினி பிசி, ஏழாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், 120 ஜிபி எஸ்எஸ்டி. பின்னால் யூஎஸ்பியில் ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க். அதில் அப்பா வாங்கிச் சேர்த்த பழைய டிவிடி படங்களின் பிரதிகள், தங்கையின் கல்யாண வீடியோ, கோயில் திருவிழாப் படங்கள். விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட், லிப்ரெலெக் என்று மூன்று ஓஎஸ்ஸையும் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஒன்று மாற்றி ஒன்று போட்டுப் பார்த்தேன். இப்போது ஓடுவது லிப்ரெலெக். ஆகவே நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

படத்தின் தரத்தில் மூன்றுக்கும் வித்தியாசம் தேட வேண்டாம். மூன்றிலும் கடைசியில் படம் ஓட்டுவது கோடி என்ற மென்பொருள்தான். (முதல் தடவை அந்தப் பெயரைச் சொன்னபோது அம்மா, "கோடியா? எவ்வளவுப்பா ஆச்சு?" என்று கேட்டார். இலவசம் என்றதும் நம்பவில்லை.) எச்இவிசி, ஏவி1 என்பவை வீடியோவை அமுக்கி வைக்கும் முறைகள். ஏழாம் தலைமுறை இன்டெல் சிப் 10 பிட் எச்இவிசி கோப்புகளை வன்பொருளிலேயே விரிக்கும். ஏவி1 கோப்புகளுக்கு அந்த வசதி அதில் கிடையாது. எந்த ஓஎஸ் போட்டாலும் அது மாறப்போவதில்லை. சினிமாவுக்கு 24 ஃபிரேம், நம்மூர் ஒளிபரப்புக்கு 50 ஹெர்ட்ஸ் என்று திரையைத் தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பும் கோடிக்குள்ளேயே இருக்கிறது. 4கே, எச்டிஆர் பற்றிக் கேட்காதீர்கள். என் டிவி 1080பி.

விண்டோஸ் 11இல் தொடங்குகிறேன். அது கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ. என்னுடையது ஒரு தலைமுறை குறைவு. கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்கு யூஎஸ்பி குச்சி வாங்கப் போனபோது கடைப் பையன், "அண்ணே, புது மினி பிசி எடுத்துடுங்க" என்றான். அவன் வியாபாரம் அது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் அந்தச் சோதனைகளைத் தாண்டும் குச்சியைத் தயாரிக்கலாம். அப்படித்தான் போட்டேன், ஓடியது. ஆனால் தகுதி இல்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பை நாமே கையால் ஏற்ற வேண்டியிருக்கும். விண்டோஸ் 10இலேயே இருந்து, நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை வாங்குவது இன்னொரு வழி. அதுவும் தவணை தள்ளுவதுதான்.

விண்டோஸின் பலத்தை மறைக்கக்கூடாது. நெட்ஃபிளிக்ஸை 4கேயில் கணினி வழியாகப் பார்க்க வேண்டும், பையன் அதிலேயே விளையாட வேண்டும், அவசரத்துக்குப் பள்ளிக்கூட வேலையை பிரின்ட் எடுக்க வேண்டும் என்றால் வேறு யோசனையே வேண்டாம். ஆனால் அது மேசை முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துச் செய்த அமைப்பு. மாதாமாதம் அமெரிக்காவில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகும் அப்டேட் நமக்குப் புதன்கிழமை விடிகாலையில் வரும். 'இந்த நேரத்தில் மறுதொடக்கம் செய்யாதே' என்று நாளுக்கு 18 மணி நேரம் வரை குறித்து வைக்கலாம். எல்லாம் சரி. ஹாலில் கீபோர்டு இல்லையே! அம்மா கையில் இருப்பது பதினைந்து பொத்தான் ரிமோட். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து "சரியா?" என்று கேட்டால், அந்தப் பொத்தான் ஷா ஆலமில் இருக்கும் என் போன்தான்.

மின்ட்டை மூன்று வாரம்தான் வைத்திருந்தேன், அதனால் அளந்து பேசுகிறேன். 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. என் பழைய நக்கில் மெத்தென்று ஓடியது. தமிழ் எழுத்துகள் எதுவும் செய்யாமலே ஒழுங்காகத் தெரிந்தன. பிரௌசர் இருக்கிறது. லினக்ஸ் பிரௌசரில் நெட்ஃபிளிக்ஸ் 4கேயில் வராது என்றாலும் என் டிவிக்கு அது தேவையும் இல்லை. இடித்த இடம் ஒலி. ஆம்பிளிஃபயருக்கு டால்பி ட்ரூஎச்டி ஒலியை அப்படியே அனுப்ப, கோடியை அல்சா என்ற லினக்ஸ் ஒலி அமைப்பு வழியாகத் தொடங்கவைக்க வேண்டியிருந்தது. மூன்று சாயங்காலம் போனது. எனக்கு அது பொழுதுபோக்கு, வீட்டில் இருப்பவர்களுக்கு இல்லை. லினக்ஸில் பழக்கம் உள்ளவர் தனக்கென்று ஒரு அறையில் வைத்துக்கொள்ள மின்ட் அருமையான தேர்வு. நாலு பேர் புழங்கும் ஹாலுக்கு, அதுவும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டிய முழுக் கணினியாகவே நிற்கிறது.

என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன்.

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு ஏப்ரல், மே மாத மழையையும் அக்டோபர், நவம்பர் மழையையும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பருவக்காற்றுக்கும் இடையில் பின்மதியம் ஆனால் இடி. ஈஎல்சிபி விழும், தூக்கிவிடுவோம், மறுபடி விழும். ஒரு வருஷத்தில் இந்தக் கணினி எத்தனை தடவை சொல்லாமல் கொள்ளாமல் அணைந்திருக்கும் என்று நான் எண்ணவில்லை. அந்த ஒரு தடவைதான் அது திரும்பி வரவில்லை. ஆகவே நான் கேட்ட கேள்வி 'எது வேகம், எது அழகு' என்பதல்ல. நான் இல்லாத நேரத்தில் மின்சாரம் போய் வந்தால் எது தானாக எழுந்து நிற்கும்?

லிப்ரெலெக் 2016இல் ஓப்பன்எலெக் என்ற இதே மாதிரி ஓஎஸ்ஸிலிருந்து பிரிந்து வந்தது. கோடி ஓடுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் அதில் ஓஎஸ். மேசைத் திரை கிடையாது, சுவிட்சைப் போட்டால் நேராகக் கோடி. அதன் உள்ளமைப்பில்தான் விஷயம். எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. முதல் பகுதியில் ஓஎஸ்ஸின் மையமான கெர்னலும், மொத்த ஓஎஸ்ஸையும் அமுக்கி அடைத்த ஒரே கோப்பும் இருக்கும். தினசரி ஓட்டத்தில் இந்தக் கோப்பைப் படிக்கத்தான் செய்யும், எழுதாது. எழுதுவதெல்லாம் இரண்டாவது பகுதியில்: எந்தப் படம் எங்கே நின்றது, ஆட்-ஆன் (கோடியில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்), அமைப்புகள்.

அம்மாவுக்கு இப்படிச் சொன்னேன்: சாமி ரூமில் இருக்கும் அச்சடித்த தேவாரப் புத்தகமும் மளிகைக் கணக்கு நோட்டும் மாதிரி. விளக்கு அணைந்தால் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த வரி கோணும். புத்தகத்துக்கு என்ன ஆகும்? விண்டோஸும் மின்ட்டும் இப்படி அலட்சியமாகச் செய்யப்பட்டவை என்று அர்த்தமில்லை. அவற்றின் கோப்பு முறைகளிலும் எழுதப்போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் என்ற காவல் உண்டு, பெரும்பாலும் காப்பாற்றும். ஆனால் அவற்றில் ஓஎஸ் இருக்கும் இடத்திலேயே எந்நேரமும் ஏதாவது எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். தப்பு நடக்க வாய்ப்பு அங்கே கூடுதல்.

யூபிஎஸ் வாங்கினால் தீர்ந்ததே என்று தங்கை கணவர் சொன்னார். நியாயம்தான். ஆனால் சில வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும், டிவி அலமாரிச் சூட்டில் அது இன்னும் சீக்கிரம் போகும், செத்த பேட்டரி கீச் கீச்சென்று கத்தினால் அதற்கும் போன் எனக்குத்தான். இன்னொன்று, மின்னல் நேராகக் கம்பி வழியே உள்ளே இறங்கினால் எந்த ஓஎஸ்ஸும் காப்பாற்றாது. அம்மா பிளக்கைப் பிடுங்குவது இன்றும் சரியான வேலை.

இரண்டாவது பகுதி கெடாதா? கெடலாம். அதற்குத்தான் லிப்ரெலெக்கின் அமைப்புப் பக்கத்தில் பேக்கப் இருக்கிறது. ஒரு பொத்தான் அழுத்தினால் எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாகக் கட்டித் தரும். மாதம் ஒருமுறை அதைக் குச்சியில் எடுத்து வைக்கிறேன். ஒத்திகைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட்டு, பேக்கப்பைத் திருப்பினேன். தே தாரேக் (ஆற்றி நுரைத்த டீ) ஆறுவதற்குள் முடிந்தது, பாதியில் விட்ட படம் உட்பட எல்லாம் பழையபடி. விண்டோஸில் இதே வேலைக்கு ஒரு சனிக்கிழமையை முழுசாகக் கொடுத்த அனுபவம் உண்டு.

போடும்போது கவனிக்க வேண்டியவை. பயாஸில் (ஓஎஸ்ஸுக்கு முன்னால் வரும் கணினியின் சொந்த அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற பாதுகாப்புச் சோதனையை அணைக்க வேண்டும். நக்கில் எஃப்2 அழுத்தினால் பயாஸ், எஃப்10 அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல். பயாஸுக்குள் போனதோடு போனதாக, மின்சாரம் திரும்பியதும் என்ன செய்வது என்ற இடத்தில் 'பவர் ஆன்' என்று வைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் மேலே சொன்ன அருமை பெருமை எல்லாம் வீண். பெரிய எச்சரிக்கை ஒன்று: லிப்ரெலெக் நிறுவி, நீங்கள் காட்டும் டிஸ்க்கை முழுவதுமாக அழித்துவிடும். பக்கத்தில் விண்டோஸையும் வைத்துக்கொள்கிறேன் என்றால் நடக்காது. நான் பட்டியலில் 4 டிபி டிஸ்க்கின் மேல் நின்றுகொண்டு ஓகே அழுத்தப் போய், கல்யாண வீடியோ ஞாபகம் வந்து கையை எடுத்தேன். நிறுவும் முன் மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி வையுங்கள்.

குறையும் இருக்கிறது. கூடவே வரும் பிரௌசர் இல்லை. நெட்ஃபிளிக்ஸுக்கு அதிகாரபூர்வமான வழி இல்லை, வெளியாட்கள் எழுதிய ஆட்-ஆன்தான், என்றைக்கு நிற்கும் என்று தெரியாது. யூடியூப் ஆட்-ஆனுக்குச் சொந்தமாக ஏபிஐ சாவி (கூகுள் தரும் அனுமதிக் குறியீடு) எடுக்க வேண்டும். நான் இரண்டோடும் மல்லுக்கட்டவில்லை. டிவியிலேயே அந்த ஆப்கள் இருக்கின்றன, அதில் பார்க்கிறோம். அஸ்ட்ரோ சாட்டிலைட் டிவிக்கு எப்படியும் அதன் பெட்டிதான். டிவி2 தமிழ்ச் செய்தியை மட்டும், ஆன்டெனா ஒளிபரப்பைப் பிடிக்கும் டிவிபி-டி2 யூஎஸ்பி டியூனரும், அதைப் பதியும் டிவிஹெட்எண்ட் மென்பொருளும் வைத்துக் கணினியிலேயே பதிகிறேன். அம்மா ராத்திரி சாப்பிட்டபின் பார்ப்பார். ஆக, சொந்தச் சேமிப்பில் படம் பார்ப்பவர்களுக்கு லிப்ரெலெக். ஆன்லைனில்தான் எல்லாம் என்பவர்களுக்கு அது வெறும் பெட்டி.

போன வாரம் வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தேன். அம்மா சமையலறையில் இருந்தார், ஹாலில் கோடி திறந்தபடி இருந்தது. மைக்ரோவேவின் கடிகாரம் மட்டும் 12:00, 12:00 என்று மின்னிக்கொண்டிருந்தது.

"நேத்து ராத்திரி கரண்ட் போச்சாம்மா?"

"ரெண்டு தடவை. தூக்கி விட்டேன். செய்தி பாத்துட்டுத்தான் படுத்தேன்."