டெபியனா, டிரிஸ்குவெலா?

இரண்டுமே கட்டற்ற இயங்குதளங்கள்தான்; அதாவது மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். வேறுபாடு வைஃபை சிப்பில் தொடங்குகிறது. மூலநிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேர் (சிப்பை இயக்கும் சிறு மென்பொருள்) இல்லாமல் பல சிப்புகள் இயங்காது. டிரிஸ்குவெல் அதைத் தருவதே இல்லை. அத்தகைய துண்டுகளை நீக்கிய லினக்ஸ்-லிப்ரே என்ற கெர்னலைத்தான் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பயன்படுத்துகிறது. கொள்கையில் அப்பழுக்கு இல்லை. ஆனால் புதிதாக வருபவரின் மடிக்கணினியில் வைஃபை எடுக்காவிட்டால், பழைய இயங்குதளத்துக்கே திரும்பிவிடுவார். அதுதான் எனக்கு வலிக்கிறது.

டெபியன் 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே அந்த ஃபர்ம்வேரைச் சேர்க்க முடிவெடுத்தது. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் அப்படித்தான். அதைத் தனிப் பிரிவில் வைத்திருக்கிறது. வேண்டாமென்றால் முடக்கவும் வழி உண்டு. சரி, சமரசம்தான். ஆனாலும் மறைக்காத சமரசம். அதனால் நான் டெபியன் பக்கம். ஃபர்ம்வேரைத் தாண்டி மூலநிரல் தராத செயலிகளையும் இப்படிச் சேர்த்துத் தந்தால், அப்புறம் என் ஆதரவு கிடையாது.