ஜானி கேஷ் வளர்ந்த வீடு, டையஸ், ஆர்கன்சா: கண்டிப்பா போய்ப் பாருங்க

அமெரிக்கால மெம்பிஸ் போற முக்காவாசி பேர் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வீட்டைப் பாத்துட்டு அப்படியே திரும்பிடறாங்க, ஆனா அங்கருந்து மிசிசிப்பி ஆத்தைத் தாண்டி கார்ல சுமார் ஒரு மணி நேரம் போனா டையஸ்னு ஒரு குட்டி ஊர், பிரபல அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் வளர்ந்த வீடு அங்கதான் இருக்கு. ஆர்கன்சா ஸ்டேட் யுனிவர்சிட்டி வாங்கி பழையபடியே சரிபண்ணி 2014-லருந்து டூர் நடத்தறாங்க. சும்மா சொல்லக்கூடாது, அவ்ளோ அருமையா வச்சிருக்காங்க.

வீடு மொத்தமே அஞ்சு ரூம்தான், அதுல 7 பிள்ளைங்க இருந்த குடும்பம். பொருளாதார மந்தத்துல நொடிஞ்சு போன விவசாயிங்களுக்கு ரூஸ்வெல்ட் அரசாங்கம் நிலமும் வீடும் கடனா குடுத்து குடியேத்தின காலனி இது, கேஷ் குடும்பம் 1935-ல வந்தப்ப ஜானிக்கு 3 வயசு, கொஞ்சம் வளந்ததுமே பருத்திக் காட்டுல இறங்கிட்டார். மண்ணைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க, கருப்பு களிமண், ஈரமானா வீங்கும், காஞ்சா சுருங்கும், வீடே கோணிக்கும், அதனால ரிப்பேர் பண்றப்ப வீட்டையே நகர்த்தி வச்சிட்டு அடி மண்ணை மாத்திருக்காங்க. 1937 வெள்ளத்துல இதே வீட்டை விட்டு ஓடினதுதான் பின்னாடி ‘ஃபைவ் ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ பாட்டாச்சு.

உள்ள எனக்கு ரொம்ப பிடிச்சது அவங்க அம்மா கேரியோட பியானோ. ஊரார் துணி துவைச்சு வந்த காசுல பையனுக்கு பாட்டு க்ளாஸ் வச்சாங்க அந்தம்மா, வாத்தியாரோ கொஞ்ச நாள்லயே உன் குரலை யாரும் மாத்தக்கூடாது, க்ளாஸே வேணாம்னுட்டாங்க! 1944-ல அண்ணன் ஜாக் ரம்பத்துல அடிபட்டு 14 வயசுல செத்துப்போன கதையைக் கேட்டுட்டு அந்தச் சின்ன ரூம்ல நிக்கறது கஷ்டமாதான் இருந்துச்சு, ஜானி பாட்டுல எப்பவும் ஒரு துக்கம் ஓடுதே, அது எங்கருந்து வந்துச்சுன்னு அங்க நின்னாதான் உறைக்குது.

அதுக்கப்புறம் ஜானி ஏர்ஃபோர்ஸ்ல சேந்து ஜெர்மனில இருந்தது, மெம்பிஸ்ல வீடு வீடா போய் சாமான் வித்தது, 1955-ல மெம்பிஸ் இசைக் கம்பெனி சன் ரெக்கார்ட்ஸ்ல முதல் ரெக்கார்டு, 1956-ல ‘ஐ வாக் த லைன்’ பாட்டு கன்ட்ரி ஹிட் பாட்டு பட்டியல்ல நம்பர் 1. மேடை கோட்டு, கிட்டார் மாதிரி ஸ்டார் ஐட்டம்தான் வேணும்னா நாஷ்வில்ல இருக்கற ஜானி கேஷ் மியூசியம் போங்க, இங்க பாக்க வேண்டியது அவர் பையனா இருந்த வாழ்க்கை. டூர் டைம் முன்னாடியே பாத்துக்கோங்க, முடிஞ்சா அதே ட்ரிப்ல மெம்பிஸ்ல அவர் ரெக்கார்டு பண்ண சன் ஸ்டூடியோவையும் சேத்துக்கோங்க, வீட்டை முதல்ல பாத்துட்டு ஸ்டூடியோவுக்கு அப்புறம் போறதுதான் சரியான வரிசை.