பரோலோ: மண் பேசுகிறதா, பீப்பாய் பேசுகிறதா?

இத்தாலியின் வடமேற்கில், பியெமோன்தே மாநிலத்து ஆல்பா நகரை ஒட்டிய குன்றுகளில் பரோலோ ஒயின் தயாராகிறது. மொத்தம் 11 ஊர்கள். நெப்பியோலோ என்ற ஒரே திராட்சைதான். வேறெதையும் கலக்கச் சட்டம் இடம் தராது. குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். இத்தனை கட்டுப்பாடு இருந்தும், சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களின் பரோலோக்கள் அண்ணன் தம்பி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நெப்பியோலோ ஒயின் பார்வைக்கு வெளிறியிருக்கும்; வயதானால் செங்கல் நிறத்துக்குப் போகும். நிறத்தைப் பார்த்துச் சாது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஒயின்காரர்கள் டானின் என்று சொல்வது வாயில் துவர்ப்பாகத்தான் தெரியும். அறுசுவையில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கிய மொழியில் இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை: கடுக்காயைக் கடித்தவருக்கு இளம் பரோலோ புரியும்.

முதலில் மண். மேற்குப் பக்கம் லா மோர்ரா, ஒயினின் பெயரையே கொண்ட பரோலோ ஆகிய ஊர்களில் நீலம் கலந்த சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண். கிழக்கே செர்ரலுங்காவில் அதைவிடப் பழைய படிவு: களியும் மணற்கல்லும் அடுக்கடுக்காக, வெளிறிய நிறத்தில், சத்துக் குறைவாக. இரண்டுமே ஒரு காலத்தில் கடலடித் தரை. லா மோர்ரா ஒயினில் ரோஜா மணம் முந்திக்கொண்டு வரும், துவர்ப்பும் சீக்கிரம் இளகும். செர்ரலுங்காவினுடையது இறுகியது, பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லும். மண்ணிலிருக்கும் இரும்பு அப்படியே கோப்பைக்குள் ஏறிவருகிறது என்ற கதையை நான் நம்புவதில்லை. மண் எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கிறது, கொடி எவ்வளவு தழைக்கிறது என்பதன் வழியாகத்தான் அதன் கை வேலை செய்கிறது. சரிவின் திசைக்கும் உயரத்துக்கும் பங்கு உண்டு.

அடுத்து நிலவறை. பழைய முறையில் சாற்றைத் தோலோடு ஒரு மாதமோ அதற்கு மேலோ ஊறவைத்து, ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரிய ஓக் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அந்தப் பீப்பாய்கள் பல ஆண்டுகள் பழகியவை. தங்கள் மணத்தை ஒயினில் திணிக்காது. 1980களில் இளைஞர் அணி ஒன்று கிளம்பியது. சுழலும் தொட்டியில் சில நாட்களிலேயே சாறு எடுத்து, 225 லிட்டர் மட்டுமே கொள்ளும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாயில், அதாவது பாரிக்கில், ஏற்றினார்கள். ஒயின் மென்மையானது, இளமையிலேயே குடிக்க முடிந்தது, வெளிநாட்டில் விலையும் ஏறியது. லா மோர்ராவின் எலியோ அல்தாரே 1983இல் தந்தையின் பழைய பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்தே போட்டார். தந்தை அவருக்குச் சொத்தில் பங்கில்லை என்றார். எதிர்முகாமில் பரோலோ ஊரின் பார்த்தோலோ மஸ்கரெல்லோ தன் கையால் வரைந்த லேபிளில் ‘பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்’ என்று எழுதினார். பெர்லுஸ்கோனி இத்தாலிய அரசியல்வாதி.

பழமைவாதிகள் மண்ணின் காவலர்கள், புதியவர்கள் மண்ணை மறந்தவர்கள் என்று இந்தச் சண்டையைச் சொல்வது வழக்கம். விஷயம் அவ்வளவு நேரானதல்ல. பல தோட்டங்களின் திராட்சையைக் கலப்பதுதான் அந்தப் பகுதியின் பழைய மரபு. மஸ்கரெல்லோவே பரோலோ ஊரின் கன்னூபி முதலிய தோட்டங்களோடு லா மோர்ராத் தோட்டமொன்றின் திராட்சையையும் சேர்த்தவர். லேபிளில் ஒற்றைத் தோட்டத்தின் பெயரைப் போடுவது 1960களில்தான் சூடுபிடித்தது. அதைப் பெருமையோடு தூக்கிப்பிடித்தவர்களில் பாரிக் அணியினரும் உண்டு. தோட்டத்தின் பெயரை வெளியே எழுதிவிட்டு, உள்ளே புதிய ஓக்கின் வெனிலா மணத்தால் அதை மூடியவர்களும் அவர்களில் இருந்தார்கள். எனக்கு இதுதான் அந்தச் சண்டையின் உச்சகட்ட வேடிக்கை.

ஆகவே என் தேர்வில் பீப்பாய்தான் முதலில் வருகிறது, மண் பிறகு. புதிய பாரிக்கில் கிடந்த லா மோர்ராவும் செர்ரலுங்காவும் ஒரே அத்தர் பூசிய இருவர்போல் ஆகிவிடுகின்றன. பெரிய பீப்பாயில் முதிர்ந்தவற்றை அடுத்தடுத்து ஊற்றினால் ஊர் தெரியும். முதல்முறை பரோலோ குடிப்பவருக்கு லா மோர்ரா. பிள்ளை பிறந்த ஆண்டில் வாங்கி அதன் கல்யாணத்துக்குத் திறக்க நினைப்பவருக்குச் செர்ரலுங்கா. பாரிக் அணிக்கும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது: சுத்தமில்லாத பழம்பீப்பாய்களை மரபு என்ற பெயரில் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்களை அவர்கள்தான் உலுக்கினார்கள். இன்று அவர்களில் பலர் புதிய ஓக்கைக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டு முகாம்களும் நெருங்கிவிட்டன.

யாராவது உங்களுக்கு மஸ்கரெல்லோ பாட்டில் ஒன்றைக் கொடுத்தால் மட்டும் நான் மேலே சொன்ன மண் கணக்கை மறந்துவிடுங்கள். அவர் 2005இல் இறந்த பிறகும் மகள் மரியா தெரேசா அதே தோட்டங்களின் திராட்சையைக் கலந்துதான் செய்கிறார். பாரிக் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.