இல்லாத தீர்ப்புகளுக்கு 3,17,400 ரூபாய்: ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்திருக்கும் சிறு வியாபாரிகள் கவனத்துக்கு

ஜி.எஸ்.டி. நோட்டீசுக்கு ஏ.ஐ. மூலம் பத்தே நிமிடத்தில் பதில் தயாரித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இணையச் சேவைகளில் பணம் கட்டப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். அப்படியொரு சேவை எழுதித் தந்த பதிலை நம்பித் தாக்கல் செய்த எனக்கு, போன வாரம் வந்த ஆணையின்படி நான் செலுத்த வேண்டிய தொகை 3,17,400 ரூபாய். வரி 1,68,400, வட்டி 1,29,000, அபராதம் மத்திய வரிக்கும் மாநில வரிக்கும் தனித்தனியே 10,000. இதில் ஒரு ரூபாய்கூட என் தலையில் விழுந்திருக்க வேண்டியதில்லை என்று ஆடிட்டர் விளக்கிச் சொன்னதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

கோவையில் மோட்டார் பம்ப் உதிரிபாகங்கள் விற்கும் சிறிய கடை என்னுடையது. எனக்கு இம்பெல்லர் வார்த்துத் தரும் ஒரு பட்டறை, 2020 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை எனக்குப் போட்ட பில்களை என் ஜி.எஸ்.டி. எண்ணோடு ஏற்றாமல், சில்லறை விற்பனையாகக் கணக்குக் காட்டிவிட்டது. வரியை ஒழுங்காக அரசுக்குக் கட்டிவிட்டார்கள். ஆனால் சப்ளையர்கள் ஏற்றும் பில்கள் தானாகப் பதிவாகும் பட்டியலான என்னுடைய 2ஏ-வில் அந்த பில்கள் ஏறவில்லை. நான் எடுத்த ஐ.டி.சி.க்கும் (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் தொகை) 2ஏ-வில் இருந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 1,68,400 ரூபாய். 2020-21 நிதியாண்டுக்கு ஆணை பிறப்பிக்கும் கெடு 2025 பிப்ரவரி இறுதியில் முடிவதாக இருந்ததால், 2024 நவம்பரில் பலருக்கும் வந்ததைப் போல எனக்கும் போர்ட்டலில் டி.ஆர்.சி-01 என்ற நோட்டீஸ் வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிய தலைவலி அல்ல.

நோட்டீஸ் வந்த சில நாட்களிலேயே அந்தச் சேவையிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் பேசினார். "அண்ணா, எங்க ஏ.ஐ. இந்தியா முழுக்க இருக்கிற ஹைகோர்ட் தீர்ப்பெல்லாம் படிச்சிருக்குங்க. அதுக்கப்புறம் எங்க நிபுணர் குழு ஒருமுறை சரிபார்த்துத்தான் அனுப்புவோம்" என்றார். ஆண்டுச் சந்தா 14,999 ரூபாய். நோட்டீசையும், கொள்முதல் விற்பனைப் பதிவேடுகளையும், ஒரு வருட பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். பதினொரு பக்கத்தில் பதில் வந்தது. மேல் மூலையில் பச்சை நிறத்தில் 'நிபுணர் சரிபார்த்தது' என்று ஒரு முத்திரை. உள்ளே நான்கு உயர் நீதிமன்றத் தீர்ப்புகள், ஒவ்வொன்றுக்கும் ரிட் மனு எண், தேதி, மேற்கோள் குறிக்குள் நீதிபதி சொன்னதாக ஒரு பத்தி. வக்கீல் அலுவலகத்தில் தயாரானதைப் போலவே இருந்தது. சட்டம் படிக்காத எவராலும் அதில் குறை கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தப் பச்சை முத்திரைக்குத்தான் நான் பணம் கட்டினேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெறும் கணினி எழுதித் தருவது என்றால் இலவசமாகவே எத்தனையோ இருக்கின்றன.

நோட்டீசுக்குப் பதில் தரும் டி.ஆர்.சி-06 படிவத்தில் நேரடி விசாரணை வேண்டுமா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று நிரப்பித் தந்திருந்தார்கள். ஆனாலும் பாதகமான முடிவு எடுப்பதென்றால் நேரில் கேட்டாக வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 75(4) பிரிவு சொல்வதால், ஜனவரியில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். என் பதிலில் இருந்த முதல் தீர்ப்பின் மனு எண்ணை நீதிமன்ற இணையதளத்தில் போட்டு, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த எண்ணில் இருந்தது ஓர் ஆசிரியரின் ஓய்வூதிய வழக்கு. இரண்டாவது எண்ணில் வழக்கே இல்லை. "மீதி இரண்டுக்காவது தீர்ப்பு நகல் கொண்டு வாங்க" என்று ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. பணம் கட்டும்வரை நாளுக்கு இருமுறை அழைத்த அந்தத் தம்பியின் எண் அணைந்து கிடந்தது. செயலியின் உதவிப் பகுதியில் பேசினால் அங்கேயும் ஒரு சாட்பாட்தான். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தொடங்கி, என் கேள்வியையே வேறு சொற்களில் எனக்குத் திருப்பிச் சொன்னது. தீர்ப்பு நகல் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டதும், இரண்டு பி.டி.எஃப். கோப்புகளை உருவாக்கி அனுப்பியது. அவற்றை ஆடிட்டரிடம் காட்டினேன். இரண்டுமே அப்போதுதான் இட்டுக்கட்டப்பட்டவை என்றும், இதைத் தாக்கல் செய்தால் பொய் ஆவணம் கொடுத்ததாக 122ஆம் பிரிவில் தனி அபராதத்துக்கு வழி செய்வதாகிவிடும் என்றும் அவர் சொன்னார். நல்லவேளை, தாக்கல் செய்யவில்லை.

2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்தின் மீதான வழக்கில் இதே கதை நடந்திருக்கிறது: சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை வக்கீல்கள் மனுவில் சேர்த்தார்கள், நீதிமன்றம் நகல் கேட்டது, நகலையும் சாட்ஜிபிடியிடமே வாங்கிக் கொடுத்தார்கள், கடைசியில் 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். நம் பக்கத்திலேயே, பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பர் இறுதியில் பிறப்பித்த ஓர் உத்தரவு, அதில் காட்டப்பட்ட தீர்ப்புகள் இல்லாதவை என்று தெரிந்ததும் சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே இப்படி நடக்கும் என்பது இந்தச் சேவையை நடத்துபவர்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்துகொண்டேதான் பச்சை முத்திரை குத்தி விற்கிறார்கள்.

மனம் ஆறாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் பிரச்சினைக்குத் தீர்ப்பே தேவைப்படவில்லை. மத்திய மறைமுக வரி வாரியத்தின் 2023 ஜூலை 17 தேதியிட்ட 193ஆம் எண் சுற்றறிக்கை, இந்த மாதிரி 2ஏ வித்தியாசங்களுக்கென்றே வந்தது. 2020 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்கு, 2ஏ-வில் உள்ள தொகைக்கு மேல் எடுத்துக்கொள்ள அன்றைய 36(4) விதி அனுமதித்த பத்து விழுக்காட்டுக்குள் வித்தியாசம் இருந்து, ஒரு சப்ளையரிடம் ஓராண்டில் வித்தியாசப்படும் வரி ஐந்து லட்சத்தைத் தாண்டாமலும் இருந்தால், வரியைக் கட்டிவிட்டேன் என்று அந்த சப்ளையரே தரும் சான்றிதழ் போதும். என் வித்தியாசம் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு, சப்ளையரும் ஒருவரே. பட்டறைக்காரர் லெட்டர்ஹெட்டில் ஒரே ஒரு பக்கம். பதினொரு பக்கப் பதிலில் இந்தச் சுற்றறிக்கை ஓரிடத்தில்கூட இல்லை. ஆணையில் அதிகாரி எழுதியிருப்பது இவ்வளவுதான்: காட்டப்பட்ட தீர்ப்புகள் சரிபார்ப்பில் இல்லை, வேறு ஆதாரம் எதுவும் தரப்படவில்லை. 3,17,400 ரூபாய்.

ஆணை வந்த பிறகு மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன். 'எங்கள் சேவை தகவலுக்காக மட்டுமே, இது சட்ட ஆலோசனை அல்ல, ஏ.ஐ. தரும் வெளியீட்டுக்கு நாங்கள் பொறுப்பல்ல, எந்த இழப்பீடும் கட்டிய சந்தாவைத் தாண்டாது' என்று விதிமுறைகளிலிருந்து நான்கு வரிகளை வெட்டி அனுப்பினார்கள். விற்கும்போது நிபுணர் குழு, கேட்கும்போது வெறும் தகவல். கனடாவில் ஒரு விமான நிறுவனம், சாட்பாட் தவறாகச் சொன்னதற்கு அந்தச் சாட்பாட்தான் பொறுப்பு என்கிற அளவுக்கு வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பயணிக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சந்தாவையாவது திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, சேவை 'முழுமையாக வழங்கப்பட்டுவிட்டது' என்று பதில். அதற்கு மேல் கேட்டதற்கு இரண்டு மாதச் சந்தா நீட்டிப்பு தருகிறார்களாம். நான் ஏற்றிய பதிவேடுகளை அழித்துவிட்டீர்களா என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. அதில் என் வாடிக்கையாளர்கள், பிளம்பர்கள், விவசாயிகள் என அத்தனை பேரின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலையை வேறொருவரிடம் கொடுத்திருந்தாலும், தரவைத் திரட்டியவரையே பொறுப்பாளி ஆக்குகிறது. அதாவது அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்த பிறகு அவர்கள் கசியவிட்டால் கேள்வி என் கடைக்கு வரும்.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், நேரமில்லை. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. சர்ச்சைக்குரிய வரியில் பத்து விழுக்காடு, அதாவது 16,840 ரூபாய், முன்பணமாகக் கட்டினால்தான் மனுவையே எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழுக்காகப் பட்டறைக்காரரைப் பார்க்கக் கிளம்ப வேண்டும். ஆகவே அவசரமாகச் சில வார்த்தைகள் மட்டும். பதிலில் எந்தத் தீர்ப்பு இருந்தாலும் அதன் எண்ணை நீதிமன்ற இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், இலவசம்தான். 'நிபுணர்' என்றால் பெயரும் உறுப்பினர் எண்ணும் கேளுங்கள். 116ஆம் பிரிவின்படி உங்களுக்காக அதிகாரி முன் ஆஜராகத் தகுதியுள்ள வக்கீலோ, ஆடிட்டரோ, ஜி.எஸ்.டி. பிராக்டிஷனரோ இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள். நேரடி விசாரணை வேண்டும் என்றே டிக் செய்யுங்கள். பதிவேட்டை ஏற்றச் சொன்னால் பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள், போர்ட்டல் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். இதுபோன்ற சேவையிடம் பதில் வாங்கித் தாக்கல் செய்துவிட்டு ஆணைக்காகக் காத்திருப்பவர்கள், ஆணை வருவதற்குள் கூடுதல் பதில் ஒன்றைச் சான்றிதழோடு இன்றே கொடுத்துவிடுங்கள்.