20 டாலர் பச்சை லேசர்: துப்பாக்கியில் மாட்டும் முன் ஒரு எச்சரிக்கை

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஆன்லைனில் சுலபமாக ஏமாறும் பொருள் லேசர் சைட், அதாவது குறிபார்க்க இலக்கில் ஒளிப்புள்ளி காட்டும் கருவி. 20, 30 டாலருக்குக் கிடைக்கிறது. "எல்லா பிஸ்டலுக்கும் பொருந்தும், பச்சை ஒளி, 50 மில்லிவாட்" என்று விளம்பரம் அளக்கும். வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தால் பளிச்சென்றுதான் தெரியும். சுடுதளத்தில் 9 மி.மீ. தோட்டா ஒரு பெட்டி, அதாவது 50 சுட்டு முடிப்பதற்குள் புள்ளி இடம் மாறியிருக்கும், அல்லது மினுக்கத் தொடங்கும். திருப்பிக் கொடுக்கப் போனால் "பயன்படுத்திய பொருள்" என்று கைவிரிப்பார்கள். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் "ஏர்சாஃப்டுக்கு ஏற்றது" என்று ஒரு வரி இருந்திருக்கும். வாங்கியவர் பார்க்கத் தவறிய அந்த வரியைத்தான் விற்றவர் இப்போது எடுத்துக் காட்டுவார்.

ஏர்சாஃப்ட் என்பது பிளாஸ்டிக் குண்டு விடும் விளையாட்டுத் துப்பாக்கி. அதில் பின்னுதைப்பு பெயருக்குத்தான். நிஜ பிஸ்டலில் ஒவ்வொரு வெடிக்கும் ஸ்லைடு எனும் மேல்பாகம் பின்னால் போய் இடித்துத் திரும்புகிறது. மலிவு லேசரில் பேட்டரியை அழுத்திப் பிடிப்பது ஒரு மெல்லிய ஸ்ப்ரிங் மட்டுமே. அது குலுங்கும்போது மின்தொடர்பு விட்டு விட்டு வரும், ஒளி மினுக்கும். லேசர் குழாயைத் திசை திருப்பும் இரண்டு குட்டி ஸ்க்ரூக்களும் எதிர்ப்புறம் ரப்பர் வளையத்தையோ வலுவில்லாத ஸ்ப்ரிங்கையோ நம்பி நிற்கின்றன. மரை பிளாஸ்டிக்காக இருந்தால் கேட்கவே வேண்டாம். புள்ளி நகர்ந்தது கண்ணுக்குத் தெரியாது, தோட்டா வேறு இடத்தில் பட்ட பிறகுதான் தெரியும்.

அடுத்தது அந்த 50 மில்லிவாட். குறிபார்க்கும் லேசருக்கு எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) விதி அனுமதிக்கும் உச்சவரம்பு 5 மில்லிவாட். வகுப்பு 3ஏ அல்லது 3ஆர் என்று லேபிளில் இருக்கும். 50 என்று போட்டிருந்தால் ஒன்று பொய், இல்லை சட்டவிரோதம், கண்ணைக் கெடுக்கும் ரகம். முறையான பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த தேதி, 21 சிஎஃப்ஆர் 1040.10 என்ற அமெரிக்க அரசு விதிக்கு உட்பட்டது என்ற வாசகம் எல்லாம் அச்சிட்டிருக்கும். மஞ்சள் முக்கோண ஸ்டிக்கர் ஒன்று மட்டும் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள்.

லேபிளையும் முழுக்க நம்ப முடியாது. அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டி 122 லேசர் பாயின்டர்களைச் சோதித்து 2013-இல் முடிவைச் சொன்னது: பச்சையில் கிட்டத்தட்ட 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் விதியை மீறியவை. அவை பாயின்டர்கள்தான், ஆனால் மலிவு சைட்டுக்குள் இருப்பதும் பெரும்பாலும் அதே மாதிரி மாட்யூல். பச்சையில் ஏன் இவ்வளவு கோளாறு? 532 நானோமீட்டர் அலைநீளப் பச்சை இவற்றில் நேரடியாக வருவதில்லை. 808 நானோமீட்டர் டயோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 ஆக்க, இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கி 532 ஆக்குகிறது. மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். 2010-இல் அதே நிறுவனம் அளந்த 15 டாலர் பாயின்டர் ஒன்றில் பச்சை மங்கலாக இருக்க, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு 20 மில்லிவாட் அளவுக்கு வந்துகொண்டிருந்தது. கண் கூசாது, இமை தானாக மூடாது, விழித்திரை மட்டும் வெந்துபோகும்.

இந்த ரகப் பச்சை குளிரிலும் படுத்துவிடும். விளக்கத்தில் 532 என்றிருந்தால் தவிர்த்து, 515 முதல் 520 வரை சொல்லும் நேரடி டயோடு பச்சையை எடுங்கள். விலை கூடுதல், ஆனால் குளிர் தாங்கும். சிவப்பு போதும் என்றால் 650 வேண்டாம், 635 பாருங்கள். ஒரே சக்தியில் கண்ணுக்கு ஏறக்குறைய இரு மடங்கு பிரகாசமாகத் தெரியும். அலைநீளத்தையே சொல்லாத விற்பனையாளரிடம் எதையும் வாங்க வேண்டியதில்லை. நல்ல வெயிலில் எந்தச் சிவப்பும் தொலைவில் தேறாது, "பகலில் 100 கஜம்" என்பதெல்லாம் கதை.

"எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்" என்பது இன்னொரு புளுகு. குழலுக்குக் கீழே லேசரை மாட்டும் தண்டவாளம்தான் ரெயில். பிக்காட்டினி என்ற வகை ரெயிலில் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், வீவர் வகையில் 4.57. க்ளாக் 19 பிஸ்டலில் இருப்பது இரண்டுமல்ல, அந்தக் கம்பெனியின் சொந்த அமைப்பு, ஒரே ஒரு பள்ளம். க்ளாக் 43-இல் ரெயிலே கிடையாது. ட்ரிக்கர் கார்டை (விசையைச் சுற்றியுள்ள வளையத்தை) கவ்வும் வகைதான் பொருந்தும். லேசரின் குறுக்குக் கட்டை ரெயிலின் பள்ளத்தில் இறுக்கமாக உட்காரவில்லை என்றால் ஒவ்வொரு வெடிக்கும் லேசர் முன்பின் நகரும். இருக்கிற உறையில் லேசரோடு துப்பாக்கி நுழையாது என்பதையும் யாரும் சொல்லி விற்பதில்லை.

பெட்டியில் இலவசமாக வரும் பொத்தான் பேட்டரி எல்ஆர் 44 என்றால் மாற்றிவிடுங்கள். அது தீரத் தீர ஒளி மங்கும். எஸ்ஆர் 44 கடைசிவரை ஏறக்குறைய ஒரே வோல்ட் தரும்.

பொருள் வந்ததும், திருப்பியனுப்பும் கெடு முடிவதற்குள், சுடாமலே சோதிக்கலாம். மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு துப்பாக்கியை அசையாமல் இடுக்கியில் பிடித்து, 10 கஜத்தில் காகிதம் ஒட்டிப் புள்ளியைக் குறியுங்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசரின் நான்கு பக்கமும் தட்டுங்கள். கழற்றி மறுபடி மாட்டுங்கள். புள்ளி அரை அங்குலம் விலகினாலும் 25 கஜத்தில் அது ஒன்றேகால் அங்குலம். எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள். பணம் கேட்கும்போது வாய்ப்பேச்சைவிட அது உதவும். பிறகு லேசரை மட்டும் கழற்றி ஒரு பையில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். வெளியே எடுத்ததும் ஒளி மங்கினால் பெரும்பாலும் அது அந்த 532 ரகப் பச்சைதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் விற்றவரைக் குறை சொல்ல முடியாது. லேசர் குழலுக்குச் சுமார் ஒன்றரை அங்குலம் கீழே இருக்கிறது. 7 கஜத்தில் புள்ளியும் தோட்டாவும் சேருமாறு வைத்தால், 25 கஜத்தில் தோட்டா புள்ளிக்கு நாலு, நாலரை அங்குலம் கீழே படும். 15 கஜத்தில் சேர்த்தால் 7 கஜத்தில் தோட்டா முக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக மேலே, 25 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் கீழே.

கடைசியாக, ஆபத்தான ஒன்று. "லேசர் போர் சைட்டர்" என்ற கருவியையும் சிலர் லேசர் சைட் என்ற தலைப்பிலேயே விற்கிறார்கள். அது குழலின் வாயிலோ சேம்பரிலோ செருகி, மற்ற சைட்டுகளைச் சரிபார்க்க மட்டும். வாயில் செருகியதை எடுக்காமல் சுட்டால் குழல் வெடிக்கும். படத்தில் ரெயிலைக் கவ்வும் பிடி இல்லாமல் பித்தளைத் தோட்டா வடிவமோ நீளமான தண்டோ தெரிந்தால், அது நீங்கள் தேடும் பொருளே அல்ல.