கொழும்பு புறக்கோட்டையின் நாற்பது ரூபாய்க் கழிப்பறை: மூன்று வருடமாகப் போய்வருகிறேன்

சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலோடு போய் உட்கார்ந்தபோது டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "வேலை செய்யிற இடத்தில தண்ணி குடிக்கிறீங்களா?" என்பதுதான். இல்லை. காலையில் வீட்டில் ஒரு தேத்தண்ணி, பிறகு பின்னேரம் வீட்டுக்குப் போய்த்தான். கெய்சர் வீதிப் பக்கம் துணி மொத்தக் கடையொன்றில் பதினொரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கடைக் கழிப்பறை மூன்றாம் மாடியில், சாமான் அறைக்குப் பின்னால், ஆண்களோடு பொது. திறப்பு முதலாளியின் மேசையில் கிடக்கும். ஒவ்வொரு முறையும் அவர் முன்னால் போய்க் கேட்கக் கூச்சப்பட்டே தண்ணீரை நிறுத்தினேன்.

அதற்குப் பிறகுதான் பஸ் நிலையங்களுக்குக் கிட்ட இருக்கும் இந்தக் கட்டணக் கழிப்பறைக்குப் போகத் தொடங்கினேன். எது என்று எழுதமாட்டேன். குறை என்று வந்தால், அது அங்கே கூட்டித் துடைக்கும் அக்காவின் தலையில்தான் விழும். குறை அவருடையதே இல்லை.

அவர் இருக்கும் நேரத்தில் இடம் உண்மையாகவே சுத்தம். காலை எட்டு மணிக்குப் போனால் நிலம் காய்ந்திருக்கும், வாளிகள் நிரம்பியிருக்கும், கை கழுவும் இடத்தில் சவர்க்காரத்தை வலைப் பையில் போட்டுக் கட்டியிருப்பார். முன்பு பெண்கள் பக்கத்தில் குப்பை வாளி இல்லை. பாவித்த மாதவிடாய் நாப்கினை எங்கே போடுவது? குழிக்குள் போட்டார்கள், அடைத்தது, இரண்டு அறைகளைப் பூட்டி வைத்தார்கள். கடைசியில் இந்த அக்காவே மூடியுள்ள பெயின்ட் வாளிகளைத் தேடிக்கொண்டுவந்து ஒவ்வொரு அறையிலும் வைத்தார். அதோடு அடைப்பு நின்றது. இதற்கு எந்தத் திட்டமும் நிதியும் தேவைப்படவில்லை. அங்கே போகிற பெண்களின் கஷ்டம் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

விலைதான் மனதை உறுத்துகிறது. ஆண்கள் நின்றபடி போக 20 ரூபாய், எங்களுக்கு எதற்குப் போனாலும் 40. எனக்குப் பரவாயில்லை, மாதச் சம்பளம் வருகிறது. எங்கள் கடை வாசலில் தலைமுடிக் கிளிப்பும் கைக்குட்டையும் விற்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று தரம் போனால் 120, மாதத்தில் இருபத்தாறு நாளுக்கு 3120 ரூபாய். அவர் ஒரு தரம்தான் போகிறார், மத்தியானம். மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் சுவர் ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள், அவரால் முடியுமா?

கொழும்பு தண்ணீர் இல்லாத ஊர் இல்லை. களனி ஆற்று நீர் அம்பத்தளையில் சுத்திகரித்து வருகிறது, லபுகம நீர்த்தேக்கத்திலிருந்தும் வருகிறது. கழிவைக் கொண்டுபோக நூறு வருடத்துக்கு மேற்பட்ட நிலக்கீழ்க் குழாய்கூட இருக்கிறது. குடிநீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலை 28ஆம் திகதி தீர்மானம் நிறைவேற்றியது. பாதுகாப்பான கழிப்பறை வசதி இல்லாதவர்கள் 2022இல் உலகில் 350 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்லியிருந்தன. அந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் வீட்டை வைத்து எடுப்பது. என் வீட்டில் நல்ல கழிப்பறை இருக்கிறது, அதனால் நான் வசதி உள்ளவள். ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பதினொரு மணித்தியாலம் நான் வீட்டில் இல்லையே.

அக்காவுக்கு வீட்டிலும் இல்லை. அவர் இருப்பது ஒரு தோட்டத்தில், கொழும்பில் நெருக்கமான குடியிருப்பை அப்படித்தான் சொல்வார்கள். ஒருநாள் கதைக்கும்போது சொன்னார்: "எங்கட தோட்டத்தில எட்டு வீட்டுக்கு ரெண்டு டொய்லட்தான், மிஸ். நாலரைக்கு எழும்பினாத்தான் வரிசையில முன்னுக்கு நிக்கலாம்." வீட்டோடு ஒன்று கட்ட அவர்களிடம் இடமும் இல்லை. பகல் முழுக்க ஊருக்குக் கழிப்பறை கழுவுகிறவர் விடியற்காலையில் வாளியோடு வரிசையில் நிற்கிறார்.

அப்புறம் இரண்டு விஷயம். வாசலில் கைபிடி இல்லாத மூன்று படி. உள்ளே எல்லாம் குந்தும் வகை. ஒரேயொரு கொமட் இருக்கிறது, அந்த அறைக்குள் தும்புத்தடியும் பழைய பைப் துண்டுகளும் அடுக்கிக் கிடக்கின்றன. முழங்கால் வருத்தக்காரர் என்ன செய்வது? அதை ஒதுக்கித் தரச் சொல்லி இரண்டு தரம் கேட்டுவிட்டேன், இன்னும் கேட்பேன். ஐந்து புள்ளிக்கு மூன்று கொடுக்கிறேன், அந்த மூன்றும் அக்காவுக்கு.

மற்றது பூட்டும் நேரம். இரவு ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வடக்குக்கும் கிழக்குக்கும் போகும் இரவு பஸ்களுக்குச் சனம் வந்து சேருவதே அதற்குப் பிறகுதான். போன வெள்ளிக்கிழமை கடையில் கணக்கு முடிய நேரமாகி ஏழேகாலுக்கு ஓடிப்போனேன், பூட்டு. கதவடியில் கிளிநொச்சி பஸ்ஸுக்கு வந்த வயதான அம்மா ஒருவர் பேத்தியின் கையைப் பிடித்தபடி நின்றார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "பின்னால போங்க" என்று மூன்று பேரையும் விட்டார். சும்மா வரக் கூடாதென்று திரும்பி வந்து மூன்று தேத்தண்ணி சொன்னேன். அம்மா தன்னுடையதைத் தொடவில்லை. "பஸ் எங்க நிப்பாட்டுவான் எண்டு தெரியாது பிள்ளை" என்று பேத்தியின் கோப்பையையும் பாதியில் வாங்கி வைத்துவிட்டார்.